ஜாமக்காரனே, இரவு எவ்வளவு ஆயிற்று?

அட்லாண்டாவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகத் தோழர் கூப்பிட்டாரென்று டிசம்பர் 31 இரவு ஒரு கறுப்பின பாப்டிஸ்ட் சபைக்குப் போயிருக்கிறார். பாளையங்கோட்டையில் சின்ன வயதிலிருந்து பார்த்த வாட்ச் நைட் (புத்தாண்டு பிறக்கும்வரை விழித்திருந்து செய்யும் ஆராதனை) மாதிரிதான் இருக்கும் என்று போனவருக்குப் பாதி புரியவில்லை. போதகர் 1862-ஐப் பற்றியே பேசினாராம். கடைசிப் பத்து நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் மணி கேட்க, இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். வயதான பெண்கள் தேம்பி அழுதார்களாம். முடிந்ததும் காராமணியும் சோறும் போட்டார்களாம். "வாட்ச் நைட்டே நாங்கள் தொடங்கியது என்கிறார் நண்பர், உண்மையா? நூற்றறுபது வருஷத்துக்கு முன் முடிந்துபோனதை இன்னும் ஏன் பேசவேண்டும், ஆறின புண்ணைக் கீறுவதுபோல ஆகாதா? அதுவும் அடிமைப்படுத்தியவர்களின் மதத்துக்குள்ளேயே இருந்துகொண்டு?" என்பது அவர் கேள்வி. கடைசியாக, காராமணி எதற்கு என்றும் கேட்டிருக்கிறார்.

பல கேள்விகள்போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரு சமூகம் தனக்கு நேர்ந்த கொடுமையை எடுத்து வழிபாட்டுக்குள் வைத்துக்கொண்டால் அது அங்கே என்ன செய்கிறது என்பதுதான் அது. நான் சபை வரலாறு படித்தவன். ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலுமாகப் பதினோரு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் கறுப்பின சபைகளில் நான் உட்கார்ந்தது எப்போதும் விருந்தாளி பெஞ்சில்தான். அருகிலிருந்து பார்த்ததும் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகளைத்தான். கத்தோலிக்கருக்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். வாட்ச் நைட்டை அவர்கள் தொடங்கவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் 1733-இல் ஆண்டின் கடைசி இரவு விழித்திருந்து ஜெபித்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு அந்த வழக்கம் பிடித்துப்போயிற்று. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்பது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. சாராயக்கடையில் இரவைக் கழித்துவந்த சுரங்கத் தொழிலாளிகள் மனந்திரும்பிய பிறகு அதே இரவுகளை ஜெபத்தில் கழிக்க, வெஸ்லி அதை மெதடிஸ்ட் வழக்கமாக்கிவிட்டார். 18-ஆம் நூற்றாண்டிலேயே அது அமெரிக்காவுக்குப் போய்விட்டது. நமக்கும் மிஷனரிகள் கையால் அதே வேரிலிருந்துதான் வந்தது. ஆகவே பாளையங்கோட்டை வாட்ச் நைட்டும் அட்லாண்டா வாட்ச் நைட்டும் அக்காள் தங்கை மாதிரி. ஒருத்தி வாக்குத்தத்த வசனச் சீட்டு எடுக்கிறாள், இன்னொருத்தி மணி கேட்கிறாள்.

ஆனால் உங்கள் நண்பர் சொன்னதைத் தப்பு என்று தள்ளிவிடவும் கூடாது. வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1862 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் லிங்கன் ஓர் அறிவிப்பு விட்டார்: ஜனவரி 1-ஆம் தேதியன்று எந்தெந்த மாநிலங்கள் கலகத்தில் இருக்கின்றனவோ அங்குள்ள அடிமைகள் அன்றிலிருந்து விடுதலை. நடுவில் நூறு நாள். கையெழுத்துப் போடுவாரா, கடைசி நேரத்தில் பின்வாங்குவாரா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அந்தக் கடைசி இரவில் வடக்கே இருந்த கறுப்பின சபைகளிலும், தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த முகாம்களிலும் ஆட்கள் கூடி விழித்திருந்தார்கள். இதற்கு அந்தக் காலத்துச் சான்றுகளே இருக்கின்றன. வழக்கம் பழையதுதான், காத்திருந்த காரணம் மட்டும் புதிது. அன்றிலிருந்து அந்த இரவு 'விடுதலைக்கு முந்தின இரவு' ஆகிவிட்டது.

காத்திருப்பு நள்ளிரவோடு முடியவுமில்லை. இதைப் பலர் சொல்வதில்லை. லிங்கன் கையெழுத்திட்டது ஜனவரி 1 பிற்பகலில். பாஸ்டனில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதற்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் முதலானோர் ஒரு பெரிய மண்டபத்தில் கூடி, தந்தி அலுவலகத்துக்கும் மேடைக்கும் இடையே ஆள் நிறுத்தி, எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்த பிறகு பன்னிரண்டாம் பாப்டிஸ்ட் சபைக்குப் போய் விடியும்வரை கொண்டாடினார்கள். எனக்குப் பிடித்தது வாஷிங்டனில் நடந்தது. இஸ்ரவேல் பெத்தேல் சபையின் போதகர் ஹென்றி மெக்நீல் டர்னர் அப்போது முப்பது வயதுகூட ஆகாதவர். அன்று மாலைப் பத்திரிகையின் அச்சகத்து வாசலில் போய் நின்றார். முதலில் வெளிவந்த தாளை ஓர் இளைஞன் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். இரண்டாவது தாள் ஆளுக்கு ஆள் இழுத்ததில் நார்நாராய்க் கிழிந்தது. மூன்றாவதில், பிரகடனம் அச்சாகியிருந்த துண்டு டர்னர் கையில் மாட்டியது. பென்சில்வேனியா அவென்யூ வழியாக ஒரே ஓட்டம். சபை வாசலில் நின்றவர்கள் தூரத்திலிருந்தே தாளைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள், தூக்கி மேடையில் ஏற்றினார்கள். வாசிக்க வாயைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது, வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. டர்னர் தாமே பின்னாளில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தத் தாள் எல்லாரையும் விடுவித்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யூனியன் (வடக்கு) பக்கமே நின்ற மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி, டெலாவேர் அடிமைகளை அது தொடவே இல்லை. டெக்சாஸில் கால்வெஸ்டன் ஊரில் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்றுதான். நாடு முழுவதற்கும் சட்டத் திருத்தம் வந்தது 1865 டிசம்பரில். சபையில் இதையெல்லாம் விரிவாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் வயதானவர்களுக்குத் தெரியும்.

அந்த இரவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. தெற்கே ஜனவரி 1 என்பது அடிமைகளை ஆண்டுக் குத்தகைக்கு விடும் நாள், கடனைத் தீர்க்க விற்கும் நாள். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஹேரியட் ஜேகப்ஸ் 1861-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், மறுநாள் காலையில் யாரைப் பிடுங்கிக்கொண்டு போவார்களோ என்று குடிசையின் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்கும் தாயைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படியானால் 1862-க்கு முன்பே அந்தச் சனங்களுக்கு அது கண்விழித்த இரவுதான். சபையின் வாட்ச் நைட்டுக்கும் இந்தத் தாயின் விழிப்புக்கும் நேரான தொடர்பு உண்டு என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கிழவிகள் அழுததை நினைக்கும்போது எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வருகிறது.

மணி கேட்ட சங்கதிக்கு வருகிறேன். அது ஏசாயா 21-ஆம் அதிகாரம்: "ஜாமக்காரனே, இரவு எவ்வளவு ஆயிற்று?" ஜார்ஜியாக் கடற்கரையோரம் ஒரு சின்ன மரக்கட்டடச் சபையில் நான் முதல்முறை இதைப் பார்த்தேன். விளக்கு அணைந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு டீக்கன் (சபைப் பணியில் உதவும் மூத்தவர்) கேட்டார். பின்னால் கதவோரம் நின்ற கிழவர், "பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம்" என்றார். கைபேசியைப் பார்த்துத்தான் சொன்னார், அந்த வெளிச்சத்தில் அவர் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. சபையார் எல்லாம் முழங்காலில். மறுபடி கேள்வி, மறுபடி பதில். மூன்று நிமிஷம் என்றபோது என் பக்கத்தில் இருந்த அம்மாள் பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்த பிடியில் அந்தப் பெஞ்சே ஆடியது. மணி பன்னிரண்டு வரத்தான் போகிறது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வருமா வராதா என்று இருந்தவர்களின் உடம்பை அந்தப் பத்து நிமிஷம் கடன் வாங்கிக்கொண்டதுபோல இருந்தார்கள்.

அந்தப் போதகர் பிரசங்கத்தில், கையெழுத்து ஆகுமா என்று "தெரியாமல் காத்திருந்தோம்" என்றார். காத்திருந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு we என்ற ஒரே சொல்தான். நமக்கு நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு இருக்கிறதே. அன்றிரவு மனசுக்குள் தமிழில் மாற்றிக்கொண்டிருந்தபோது எந்தச் சொல்லைப் போடுவது என்று திணறினேன். அவர் சொன்னதில் நான் உண்டா இல்லையா? அவர் தம் பாட்டனாரோடு சேர்ந்து சொல்வது நாங்கள். ஆனால் வேதத்தில் எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரோடும் சேர்த்துத்தான் சொன்னார், அந்த இடத்தில் அது நாம் ஆகிவிடுகிறது. உங்கள் "இன்னும் ஏன்" என்ற கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இந்த இலக்கணத்துக்குள்தான் இருக்கிறது. யாருக்கோ நடந்ததை அவர்கள் எடுத்துச் சொல்வதில்லை. தாங்கள் அங்கே இருந்ததாகவே சொல்கிறார்கள். யூதர்கள் பஸ்கா இரவில் நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று சொல்வது எப்படியோ அப்படி.

இது தற்செயலாக வந்ததல்ல. கடல்கடந்த அடிமை வாணிபத்தை அமெரிக்கா சட்டப்படி நிறுத்திய நாள் 1808 ஜனவரி 1. அன்று பிலடெல்பியாவில் அப்சலோம் ஜோன்ஸ் ஒரு பிரசங்கம் செய்தார். அவரே அடிமையாகப் பிறந்து விடுதலையானவர். எடுத்துக்கொண்ட வசனம் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம், "ஆளோட்டிகளினிமித்தம் அவர்கள் இடுகிற கூக்குரலைக் கேட்டேன்" என்று கர்த்தர் சொல்கிற இடம். (ஆளோட்டி என்ற நம் பழைய மொழிபெயர்ப்புச் சொல், சாட்டையோடு வயலில் நின்ற கங்காணிக்கு இதைவிடப் பொருத்தமாக அமைய முடியாது.) ஆண்டுதோறும் இந்த நாளை நன்றிநாளாக வைத்துக்கொள்ளுங்கள், நம்மவர் பட்ட பாட்டையும் விடுதலையான விதத்தையும் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றார். அந்த விழா சில பத்தாண்டுகளில் மங்கிப்போயிற்று. மங்காமல் என்ன செய்யும்? கப்பல் வாணிபம் நின்றாலும் உள்நாட்டு வாணிபம் கொழுத்து, உள்நாட்டுப் போர் வரும்வரை ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பழைய மாநிலங்களிலிருந்து பருத்தி நிலங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். ஆனாலும் ஜனவரி 1-ஐச் சுற்றி நினைவை வைக்கவேண்டும் என்ற எண்ணம் விதையாகக் கிடந்தது.

கறுப்பின சபைகள் தொடக்கத்திலிருந்தே இதை ஏந்திக்கொண்டு வந்தன என்று நினைத்துவிடாதீர்கள். மறக்கவேண்டும் என்று பாடுபட்டதும் அதே சபைகள்தான். புண்ணைக் கீறாதே என்று நீங்கள் சொல்வதை அவர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். டென்னசியில் நாஷ்வில் நகரத்தில் விடுதலையானவர்களுக்காக ஏற்பட்ட ஃபிஸ்க் கல்லூரியில் பணமில்லை. 1871-இல் ஒன்பது மாணவர்களைப் பாட்டுக் கச்சேரிக்கு ஊர் ஊராக அனுப்பினார்கள். முதலில் அவர்கள் பாடியது வெள்ளைக்காரர் பாட்டு. அடிமைக்காலத்துப் பாட்டுகளை மேடையில் பாட அவர்களுக்கு மனமில்லை. அந்தக் குழுவில் இருந்த ஷெப்பர்டு என்ற பெண் (முதற்பெயர் எல்லா; அவரே அடிமையாகப் பிறந்து, தகப்பன் விலை கொடுத்து மீட்ட பிள்ளை) பின்னாளில் காரணம் எழுதினார். அந்தப் பாட்டுகள் இருண்ட காலத்தோடு சேர்ந்தவை, மறக்கவேண்டியவை. அதோடு, பெற்றோர் ஆராதனையில் பாடி ஆடியவை, அவர்களுக்குப் புனிதமானவை, கடைவிரிக்கக் கூடாதவை. நாற்காலி போதாத ஒரு வீட்டில் தரையில் உட்கார்ந்து, மெதுவான குரலில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துத்தான் அவற்றைச் சேர்த்தார்கள். பிறகு அந்தப் பாட்டுகள்தான் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் அசைத்தன. கல்லூரிக்கு 1876-இல் ஜூபிலி ஹால் என்ற பெரிய கட்டடமும் எழுந்தது.

வெட்கமும் புனிதமும் ஒரே பொருளின் மேல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை ஷெப்பர்டு சொன்ன மாதிரி வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

ஏ.எம்.இ. (கறுப்பினத்தவரின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல்) சபையின் பேராயர் டேனியல் பெய்ன் இன்னும் கடுமையானவர். சார்ல்ஸ்டனில் சுதந்திரமான கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் நடத்தியவர். கறுப்பினத்தவருக்குப் படிப்புச் சொல்லித்தருவதைத் தடுக்கும் சட்டம் வந்து அந்தப் பள்ளியை 1835-இல் மூடவேண்டியதாயிற்று. படிப்புத்தான் மீட்சி என்று நம்பியவருக்கு, பிரசங்கம் முடிந்ததும் சனங்கள் வட்டமாகச் சுற்றி, கைதட்டி, தரையை மிதித்துப் பாடியது பொறுக்கவில்லை. நிறுத்தச் சொன்னார். வட்டம் இல்லாவிட்டால் பாவிகள் மனந்திரும்பமாட்டார்கள் என்று பதில் வந்தது. இதை அவரே 1888-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். எனக்குப் பெய்ன் மேல் கோபம் வருவதில்லை. ஆனால் தோற்றது அவர்தான், அதில் எனக்குச் சந்தோஷம்.

அந்த வட்டத்துக்கு ரிங் ஷவுட் என்று பெயர். ஜார்ஜியாவில் மெக்கின்டாஷ் கவுண்டியில் மவுன்ட் கால்வரி பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த குடும்பங்கள் அதை விடாமல் வைத்திருந்தன, குறிப்பாக வாட்ச் நைட் அன்று. கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். பாதம் தரையைவிட்டு எழும்பக் கூடாது, கால் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகக் கூடாது. குறுக்கே போட்டால் அது ஆட்டம், ஆட்டம் சபைக்கு ஆகாது. ஒருவர் பாட்டை எடுப்பார், பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள், ஒருவர் துடைப்பக் கட்டையால் மரத்தரையில் தாளம் போடுவார். 1739-இல் ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்து முரசோடு நடந்த பிறகு, தென் கரோலினா 1740-இல் சட்டம் போட்டு முரசைத் தடைசெய்தது. அந்தத் துடைப்பக் கட்டை முரசின் இடத்தில் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், நம்பத்தக்கதும்கூட. அதைத் தட்டுகிறவர் 1740-ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நினைவு அவர் மணிக்கட்டில் இருக்கிறது. டீக்கன் ஓர் அடியை வேகமாகச் சொல்ல, சபை அதை இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம்தான், ஆனால் படிக்கத் தெரியக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவர்கள் மத்தியில் அது வேர்பிடித்த காரணம் வெளிப்படை. இன்று எல்லார் கையிலும் பாட்டுப்புத்தகம் இருக்கிறது. இருந்தும் அடி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இனி, கேட்கும்போது சற்று எச்சரிக்கையாக இருக்கவேண்டிய சங்கதிகள். சபை முடிந்து சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு நிறையக் கதை சொல்வார்கள். பாட்டுகளெல்லாம் தப்பிப்போகிறவர்களுக்கான ரகசியக் குறிப்புகள் என்பது ஒன்று. ஓரளவு உண்மை. கானானுக்குப் போகிறேன் என்று தாங்கள் பாடியபோது வடதிசையைத்தான் நினைத்தோம் என்று டக்ளஸே எழுதியிருக்கிறார். அடிமைகள் பலரை வடக்கே தப்பவைத்த ஹேரியட் டப்மன் பாட்டால் சைகை செய்ததாகத் தம் வரலாற்றை எழுதியவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் சுரைக்குடுவையைப் பின்தொடர் என்ற புகழ்பெற்ற பாட்டு முதன்முதல் அச்சில் வந்தது 1928-இல். அதில் வழித்தடமே ஒளிந்திருக்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்வதில்லை. தண்ணீரில் இறங்கி நட என்ற பாட்டை டப்மன் மோப்ப நாய்க்குத் தப்பப் பாடினார் என்பதற்கும் அந்தக் காலத்துச் சான்று கிடையாது.

இரும்புச் சட்டிக் கதை வேறு ரகம். காட்டுக்குள் திருட்டுத்தனமாக ஜெபித்தபோது, சத்தம் எஜமானுக்குக் கேட்காமலிருக்கத் துணி துவைக்கும் பெரிய சட்டியைக் கவிழ்த்துவைத்தோம், அது சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். 1936 முதல் 1938 வரை முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அரசு ஊழியர்கள் கேட்டு எழுதிய வாக்குமூலங்களில், வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் இதையே சொல்கிறார்கள். ஆகவே வைத்தார்கள் என்பது உறுதி. சட்டி சத்தத்தை வாங்கியதா என்றால், இயற்பியல் ஒத்துக்கொள்ளாது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஆப்பிரிக்கச் சடங்கில் வேர் தேடுகிறவர்கள் உண்டு, அது ஊகம். சவானா நகரத்து முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் சபைக்குப் போனால், 1859-இல் கட்டி முடித்த கட்டடத்தின் கீழ்த்தளத் தரைப்பலகையில் வைரவடிவில் துளைகள் காட்டுவார்கள். கீழே ஒளிந்திருந்தவர்கள் மூச்சுவிட என்பது சபையின் மரபு. உறுதிப்படுத்தும் எழுத்து ஆவணம் இல்லை, ஒளித்துவைத்தவர்கள் எழுதிவைக்கவும் மாட்டார்கள். அந்தத் துளைகளுக்கு முன்னால் நின்று நான் வாதாடவில்லை, குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். அடிமைகளின் பைபிள் என்று ஒன்றைக் காட்டி, இதுதான் தெற்கே எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது என்றால் மட்டும் மறுத்துவிடுங்கள். 1807-இல் லண்டனில் அச்சான அது, பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளுக்கானது. எகிப்திலிருந்து விடுதலையான கதையை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை.

அடிமைப்படுத்தியவனின் மதத்துக்குள்ளேயே இருந்துகொண்டா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார். ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் 1935-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். கொழும்பு சட்டக்கல்லூரியில் பேசி முடித்ததும் அங்கிருந்த ஒருவர் காப்பிக்கு அழைத்துப்போய், உங்களைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், நீங்கள் இங்கே வந்து என்ன செய்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். தர்மன் அதை மறக்கவில்லை. 1949-இல் அவர் எழுதிய புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே அந்தச் சம்பவம் வருகிறது. அந்தப் புத்தகத்தில் தம் பாட்டியைப் பற்றியும் சொல்கிறார். பாட்டி அடிமையாக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன்தான் வேதம் வாசித்துக் காட்டவேண்டும். ஆனால் பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார், கொரிந்தியரில் அன்பைப் பற்றிய அதிகாரம் எப்போதாவது விதிவிலக்கு. காரணம் கேட்கத் துணிவு வந்தபோது பேரன் கல்லூரி மாணவனாகியிருந்தான். வெள்ளைக்காரப் போதகர் வந்தால் வேலைக்காரர்களே எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்றே வாசிப்பார், விடுதலை கிடைத்து நான் படிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன் என்று என் தேவனிடம் சொல்லிவைத்தேன் என்றார் பாட்டி. லண்டனில் ஒரு கூட்டம் பைபிளிலிருந்து யாத்திராகமத்தின் விடுதலைக் கதையை வெட்டியது. ஃபுளோரிடாவில் எழுத்து தெரியாத ஒரு கிழவி பவுலை வெட்டினார். மதம் கொடுக்கப்பட்டபடியே வாங்கிக்கொள்ளப்படவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை.

துயரத்தையே நேருக்கு நேர் எடுத்துவைத்து நினைவுகூரும் சடங்குகள் பெரும்பாலும் அண்மைக்காலத்தவை. புரூக்ளினில் செயின்ட் பால் கம்யூனிட்டி பாப்டிஸ்ட் சபை, போதகர் ஜானி ரே யங்பிளட் காலத்தில், 1995 முதல் மாஃபா என்ற பெயரில் இதை நடத்தியது. சுவாஹிலியில் பேரழிவு என்று பொருள். அடிமைக் கப்பலும் ஏலமும் நாடகமாகவே அங்கே நடிக்கப்பட்டன. சிகாகோவில் நியூ மவுன்ட் பில்கிரிம் சபை, கத்தோலிக்கர் கட்டிய ஒரு பழைய கோயிலில் இருக்கிறது. அதன் கண்ணாடிச் சன்னலில் கைவிரித்து நிற்கும் ஒரு கறுப்பு உருவம், உடம்புக்குள் அடிமைக் கப்பல், கப்பலுக்குள் அடுக்கிவைத்த ஆட்கள். ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் பேர், கரை சேர்ந்தவர்கள் ஒரு கோடியே ஏழு லட்சம்போல. நடுவில் காணாமல் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. சில சபைகள் முன்னோர் பெயர் சொல்லித் தண்ணீர் வார்க்கின்றன. அது புறமதச் சடங்கு என்று முகம் சுளிக்கும் டீக்கன்மாரும் அங்கேயே உண்டு. நம் கல்லறைத் திருநாளில் மாலை போடலாமா கூடாதா என்ற சண்டை மாதிரிதான்.

இதனால் புண் ஆறுகிறதா? போய்வந்தவர்கள் ஆறுதல் கிடைத்தது என்று சொல்கிறார்கள், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அடிமைக்கால அதிர்ச்சி தலைமுறை தலைமுறையாக மனநோய்போல இறங்கிவருகிறது, சடங்கு அதைக் குணப்படுத்துகிறது என்று உறுதியாகச் சொல்கிறவர்களை அப்படியே நம்பவேண்டாம். அந்தக் கொள்கை கறுப்பின அறிஞர்களுக்குள்ளேயே சர்ச்சைக்குரியது. மரபணு வழியாக இறங்குகிறது என்பது அடிமைத்தனத்தைப் பொறுத்தவரை நிறுவப்படவில்லை.

ஆறின புண் என்றீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சார்ல்ஸ்டன் இமானுவேல் ஏ.எம்.இ. சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1822-இல் அந்தச் சபையைச் சேர்ந்த டென்மார்க் வீசி கலகத்துக்குத் திட்டமிட்டார் என்று குற்றம்சாட்டி முப்பத்தைந்து பேரைத் தூக்கிலிட்டார்கள், ஆலயத்தை இடித்தார்கள். (உண்மையில் எவ்வளவு பெரிய திட்டம் இருந்தது என்பதில் வரலாற்றாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, தூக்கிலிட்டதில் இல்லை.) உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல்தான் மறுபடி வெளிப்படையாகக் கூடினார்கள். அதே சபையில் 2015 ஜூன் 17, புதன்கிழமை வேத ஆராய்ச்சிக்கு ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்தான். உட்கார இடம் கொடுத்தார்கள். போதகர் உட்பட ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில் இறந்தவர்களின் உறவினர் சிலர் அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன. மன்னிக்கத் தயாராக இல்லாத உறவினரும் இருந்தார்கள், இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பை எங்களிடம் ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்ட போதகர்களும் இருந்தார்கள். அந்த ஞாயிறு ஆலயத்தைத் திறந்து ஆராதனை நடத்தினார்கள். அவர்களிடம் போய் முடிந்துபோன கதை என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக, காராமணி. தெற்கே புத்தாண்டுக்குக் காராமணியும் சோறும் கீரையும் சாப்பிடுவது கறுப்பினத்தவர், வெள்ளைக்காரர் இருவருக்கும் வழக்கம். கீரை பணம், காராமணி சில்லறைக்காசு, சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் கையில் ஓட்டம் இருக்கும் என்பார்கள். அது பிற்காலத்தில் ஒட்டவைத்த விளக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உறுதியானது, அந்தப் பயறு ஆப்பிரிக்காவில் விளைநிலத்துக்கு வந்த பயிர், அடிமைக் கப்பல்களோடு அமெரிக்காவுக்குப் போனது. நம் ஊருக்கும் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் கிறிஸ்துவுக்கு முன்பே, வேறு வழியாக, யாரையும் கட்டி இழுக்காமல். அடுத்த வருஷமும் போனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், போடுகிற அம்மாமாருக்கு அது பிடிக்கும். சைவமென்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் பன்றியின் கணுக்கால் எலும்பைப் போட்டுத்தான் வேகவைப்பார்கள்.